தண்ணீர் கலக்காத மருந்து

அண்ணா,

நீங்கள் மருந்தில் தண்ணீர் கலக்கவில்லை. கலந்தீர்கள் என்று எல்லாரும் கூடியிருந்த இடத்தில் சொன்னார்கள். அது பொய் என்பது மூன்றே வாரத்தில் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் சொன்னவன் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை, கேட்டுக்கொண்டிருந்தவர்களும் வாய் திறக்கவில்லை. அந்தக் கெட்ட பெயரோடுதான் நீங்கள் போனீர்கள். உங்களுக்கு நடந்த அநியாயம் இதுதான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுதலாம் என்று வைத்தால் மற்ற பேச்சில் அமுங்கிப்போகும்.

இன்று காலை வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனைகளின் பக்கமிருந்து காற்று வந்தது. நனைந்த ஆட்டு மயிரின் வாசனை, அதோடு ஆடு துப்பிய குடற்பூச்சி மருந்தின் கசந்த வாசனை. வாளியைக் கீழே வைத்துவிட்டேன். முடிச்சூரில் இந்தத் தெருவுக்கு அந்த வாசனையைக் கொண்டுவந்தவர் இத்தனை வருஷமும் நீங்கள் ஒருவர்தான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இன்னா தங்கச்சி, ஆட்ட அவுத்துட்டியா?" என்று கேட்பீர்கள் என காது தானாக எதிர்பார்த்தது.

போய்ப் பார்த்தேன். நம் தெருவில் ஆடு வளர்க்கும் தனசேகர் தன் நாற்பது ஆட்டையும் வேலி ஓரமாக மடக்கி நிறுத்திப் புது மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தான். நோயுள்ளது, இல்லாதது, குட்டி, கிடா, எல்லாவற்றுக்கும். நான் நின்று பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி வந்தேன். நான் பேசாமல் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த மடலை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் உயிரியல் ஆய்வகத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். கண்ணாடி வில்லைகளைக் கழுவி அடுக்கும்போது பிள்ளைகளுக்கு டீச்சர் சொல்வதெல்லாம் என் காதிலும் விழும். ஆய்வகத்தைப் புதுப்பித்தபோது பழைய சாமான்களைக் காயலான் கடைக்கு ஒதுக்கினார்கள். அதிலிருந்த ஒரு மைக்ராஸ்கோப்பை நான் கேட்டு வாங்கி, சேலையில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கால்நடை மருந்தகத்தில் கொடுத்த குடற்புழுக் கையேட்டை வைத்துக்கொண்டு மற்றதை நானே கற்றேன்.

நீங்கள் முதல்முறை அதில் கண்ணை வைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. உப்பு இனி கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த தண்ணீரில் ஆட்டுப் புழுக்கையை நசுக்கி, டீ வடிகட்டியில் வடித்து, சின்ன பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, மேலே கண்ணாடித் துண்டை மூடி வைத்திருந்தேன். புழுவின் முட்டைகள் மிதந்து மேலே வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்தீர்கள். ரொம்ப நேரம் பார்த்தீர்கள்.

"இன்னா தங்கச்சி, முட்டன்ற. கோழி முட்டனா அவிச்சித் துன்னலாம். இத வச்சிகினு இன்னா பண்றது?"

"எண்ணறது."

"எண்ணி?"

"மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி எண்ணணும். பதினாலு நாள் கழிச்சி எண்ணணும். கொறஞ்சா மருந்து வேலை செஞ்சிருக்கு."

நீங்கள் சிரித்தீர்கள். "நாப்பது வருசமா ஊத்திகினு கீறேன். வேலை செய்யாமயா என்னக் கூப்புட்றானுங்க?" என்றீர்கள். அண்ணி வந்து அந்த வடிகட்டியை அடையாளம் கண்டுகொண்டார். அன்றிலிருந்து என் வீட்டில் அவர் டீ குடித்ததில்லை.

நாற்பது வருஷம் என்று நீங்கள் சொன்னது மிகையில்லை. மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தீர்கள். பண்ணை இருந்த இடம் மனைகளாகப் பிரிந்த பிறகு சைக்கிளில் வீடு வீடாகப் போய் ஆட்டுக்கு மருந்து ஊற்றுவது, குளம்பு வெட்டுவது என்று ஆரம்பித்தீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு பாதி மனைகள் கட்டடம் ஏறாமல் கிடந்தன. பள்ளமான இடம், எப்போதும் ஈரம், முழங்கால் புல். எட்டு வீட்டு ஆடுகளும் அங்கேதான் மேய்ந்தன. புழுக்கையோடு விழுந்த முட்டை பொரிந்து, குஞ்சுப் புழு ஈரப் புல்லில் ஏறிக் காத்திருக்கும். ஆடு அந்தப் புல்லைக் கடித்தால் வயிற்றுக்குள் போய் இரத்தம் குடிக்கும். எட்டு வீட்டுக்கும் ஒரே புல், ஒரே புழு, ஒரே மருந்து, மருந்து ஊற்ற நீங்கள் ஒருவர்.

போன மார்கழியில் ஆடுகள் விழ ஆரம்பித்தன. முதலில் தனசேகரிடம் மூன்று. பிறகு என்னிடம் இரண்டு. உங்களுடைய வெள்ளைக்காலி ஒன்று. எல்லாவற்றுக்கும் மூன்று வாரத்துக்கு முன்புதான் நீங்கள் மருந்து ஊற்றியிருந்தீர்கள். தாடைக்குக் கீழே தண்ணீர்ப் பை தொங்குவதுபோல வீக்கம். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெண்டைக்காய் விதை நிறம். செத்த வெள்ளைக்காலியின் வயிற்றை நீங்களே கீறினீர்கள். உள்ளே சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்போல ஆயிரக்கணக்கில் நெளிந்தன. கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "நான் ஊத்துனேனே" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

தை பிறந்த முதல் ஞாயிறு கோயில் கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். கூட்டியவன் தனசேகர். சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தான்.

"முன்னாடியெல்லாம் மருந்து ஊத்துனா ரெண்டு நாள்ல புழுக்கையோட பூச்சி வுழும். இப்ப ஒண்ணியும் வுழல, ஆடுதான் வுழுது. பால்ல ஊத்துற மாதிரி அண்ணன் மருந்துல ஊத்திகினு கீறாரு. அதான் மேட்டரு."

அந்த மருந்து பால்போல வெள்ளையாக இருக்கும். அதனால் அந்தப் பேச்சு எல்லாருக்கும் உடனே பிடித்துவிட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"நான் அப்டி பண்ணலப்பா" என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே சொன்னீர்கள், முதல் முறையைவிடச் சின்னக் குரலில்.

நான் எழுந்தேன். "எவன் பாத்தீங்க அவரு கலந்தத? பாத்தவன் முன்னாடி வா."

"யக்கா, உன் ஆடும்தான செத்துச்சு? நீ சொல்லு, எப்டி செத்துச்சு?"

"பூச்சிக்கு அந்த மருந்து பழகிப்போச்சு. அது இப்ப கேக்காது."

"பழகிப்போச்சா? பூச்சி இன்னா, டியூசன் போயிகினு வந்துச்சா?"

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனீர்கள். ஏறவில்லை. உங்கள் பின்னால் யாரும் வரவில்லை, நான் மட்டும்தான் வந்தேன். அன்றைக்கு நான் பேசாமல் வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. உங்கள் வீட்டுப் படியேறும்போதே சொல்லிவிட்டேன்.

"அண்ணா, நீங்க தண்ணி கலக்கல. அது எனக்குத் தெரியும். ஆனா மூடி பத்தல."

நீங்கள் அளப்பது ஒரு பழைய இருமல் மருந்து பாட்டிலின் மூடியில். பண்ணைக் காலத்திலிருந்து அதே மூடி. அப்போது இங்கே இருந்தவை சின்ன உடம்புள்ள நாட்டு ஆடுகள். இப்போது எல்லாரும் வைத்திருப்பவை தலைச்சேரிக் கலப்பு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு பங்கு எடை. ஆடு வளர்ந்தது, மூடி வளரவில்லை. குறைந்த மருந்து போனால் சோனிப் புழு சாகும், வலுத்த புழு நிற்கும். நின்ற புழுவின் முட்டைதான் புல்லில் விழும். வருஷா வருஷம் இப்படியே வடிகட்டி, கடைசியில் அந்த மருந்துக்கு அசையாத புழு மட்டும் மிஞ்சியது. இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். நான் கண்டுபிடித்ததைச் சொல்லும் வேகம் எனக்கு. எதிரில் நிற்பவர் இப்போதுதான் அவமானப்பட்டு வந்தவர் என்பது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

நீங்கள் கேட்டீர்கள்: "தண்ணி ஊத்திக் கொறச்சான்றான் அவன். மூடில கொறச்சான்ற நீ. இன்னா தங்கச்சி வித்தியாசம்?"

"வித்தியாசம் இருக்கு. அது திருட்டு. இது தெரியாம செஞ்சது."

"செத்த ஆட்டுக்கு?"

நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

ஐந்து நாள் உங்களை நான் பார்க்கவில்லை. ஆறாம் நாள் காலை சைக்கிள் மணி கேட்டது. பின் சீட்டில் ஒரு தொங்கு தராசு, ஆட்டைத் தூக்கிக் கட்ட நீங்களே தைத்த சாக்குத் தூளி. வணக்கமும் இல்லை, குசலமும் இல்லை. "உன் பெரிய ஆட்டப் புடி" என்றீர்கள். தூக்கினோம். முள் நின்ற இடத்தைப் பார்த்து உங்கள் முகம் மாறியது. எத்தனை மூடி ஊற்றியிருக்க வேண்டும் என்று விரலில் கணக்குப் பார்த்தீர்கள். பிறகு ஆட்டை மெதுவாக இறக்கிவிட்டு அதன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றீர்கள். மன்னிப்புக் கேட்பது போலிருந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எல்லார் முன்னாலும் சோதித்துக் காட்டலாம் என்றேன். ஒத்துக்கொண்டீர்கள். அடுத்த ஞாயிறு அதே கொட்டகை. தனசேகர் வீட்டில் இரண்டு ஆடு, என்னுடையவை இரண்டு, உங்களுடையவை இரண்டு. மருந்தைத் தனசேகரே தாம்பரம் போய் வாங்கி வந்தான், முத்திரையையும் அவனே உடைத்தான். மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா பக்கத்தில் நின்று அளவு சொன்னார். வெள்ளாட்டுக்குச் செம்மறியைவிடக் கூடுதல் அளவு வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. மருந்துக்கு முன் ஆறு ஆட்டின் முட்டையையும் எண்ணிக் குறித்துவைத்தேன். நீங்கள் ஒவ்வொரு ஆட்டையும் தூளியில் கட்டி எடை பார்த்தீர்கள்.

"இன்னாத்துக்கு எட? மூடில ஊத்துனா ஆவாதா?" என்று தனசேகர் கேட்டான்.

நீங்கள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். நான் சொல்வேன் என்று நினைத்தீர்கள். நான், "சோதனைன்னா அப்டித்தான்" என்றேன். மூடியைப் பற்றி அன்று சொல்லியிருந்தால், "பாத்தியா, கொறச்சிதான் ஊத்திகினு இருந்திருக்காரு" என்று பிடித்துக்கொள்வார்கள். முதலில் உங்கள் பெயர் கழுவப்படட்டும், பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். நான் மறைத்த இடம் இதுதான்.

பதினான்கு நாள். அந்த நாட்களில் நீங்கள் தெருவில் நடந்தால் பேச்சு நிற்கும், தாண்டியதும் மறுபடி கேட்கும். இரண்டு வீடுகள் வேறு ஆளை வைத்து ஆட்டுக்குக் குளம்பு வெட்டின. நீங்கள் தினமும் காலையில் என் வாசலுக்கு வந்து, "இன்னும் எத்தினி நாளு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனீர்கள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஒருவேளை முட்டை குறைந்துவிட்டால்? மருந்து வேலை செய்கிறது, அப்படியானால் கலந்தது உண்மை என்று ஆகிவிடும். நான் எடுத்துவைத்த சோதனை உங்கள் கழுத்தில்தான் விழும். உங்களிடம் அதைச் சொல்லவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பதினான்காம் நாள் மைக்ராஸ்கோப்பைக் கொட்டகையிலேயே வெளிச்சம் படும்படி வைத்தேன். ஆடு புதிதாகத் தின்ற புழு வளர்ந்து முட்டையிட மூன்று வாரமாவது ஆகும். அதனால் இன்று தெரிகிற முட்டையெல்லாம் மருந்துக்குத் தப்பிய புழுவினுடையது. அதை முதலிலேயே சொல்லிவிட்டு, தனசேகரையே எண்ணச் சொன்னேன். அவன் ஆட்டின் கண்ணாடி. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான்.

"சோத்துப் பருக்க மாதிரி கீதே, இதா?"

"அதேதான். எண்ணு."

சத்தமாக எண்ண ஆரம்பித்தான். போகப்போகக் குரல் இறங்கியது. ஒரு கட்டத்தில் உதடு மட்டும் அசைந்தது. ஆறு ஆட்டில் ஐந்துக்கு முன்பு எண்ணியதற்கும் இப்போதைக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஒன்றுக்குக் கூடியே இருந்தது. சரியான எடை, சரியான அளவு, அவன் கையால் முத்திரை உடைத்த பாட்டில். புழு அசையவில்லை.

"இப்ப சொல்லு. அண்ணன் தண்ணி கலந்தாரா?"

அவன் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கடைல டூப்ளிகேட் மருந்து குட்த்துட்டானோ இன்னாவோ" என்றான்.

டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மருந்து சரிதாங்க. இங்க இருக்கற புழுவுக்கு இது இனிமே கேக்காது. வேற ரகம் மருந்து எழுதித் தரேன்" என்றார். தாளில் மேலே மருந்தின் பெயரை எழுதினார். கீழே நான்கு வரி: எடை பார்த்து ஊற்றவும். இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும் ஊற்றவும். புதிதாக வாங்கிய ஆட்டைத் தனியே கட்டவும். பதினான்காம் நாள் மறுபடி சோதிக்கவும்.

"எல்லாத்துக்கும் ஊத்தாதன்னா, மிச்ச ஆட்டுல பூச்சிய வளக்கச் சொல்றீங்களா மேடம்?" என்றான் தனசேகர்.

"ஆமா. மருந்தே படாத புழு கொஞ்சம் புல்லுல இருக்கணும். இல்லன்னா தப்பிச்ச புழுவோட வாரிசு மட்டும்தான் இருக்கும். இந்த மருந்தும் போயிடும்."

தனசேகர் போனை எடுத்து மேல் வரியை மட்டும் படம் பிடித்துக்கொண்டான். கூட்டம் கலைந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் உங்களைக் கடந்துதான் போனார்கள். ஒருவர் தலையை ஆட்டினார். ஒருவர், "வரேன்ணா" என்றார். சொல்ல வேண்டியதை ஒருவரும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் சிறுபாலத்தருகே நின்றுவிட்டீர்கள். அம்மன் கிடா ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருந்தது. தனசேகர் வீட்டில் ஆடித் திருவிழாவுக்கென்று நேர்ந்துவிட்ட கிடா. கோயில் திருப்பணி முடியாமல் திருவிழா மூன்று வருஷமாகத் தள்ளிக்கொண்டே போனதால் அதுவும் நெற்றியில் குங்குமத்தோடு திரிந்துகொண்டே இருந்தது. எந்த வீட்டு வேலிக்குள் போனாலும் விரட்ட மாட்டார்கள்.

"தங்கச்சி, ஒவ்வொரு வூட்லயும் ஊத்தி முடிச்சா பாட்டில்ல கொஞ்சம் நிக்கும். அத இதுக்குத்தான் ஊத்துவேன். அம்மன் கெடா, புண்ணியம்னு. நான் போவாதப்ப அவங்களே ஊத்துவாங்க."

எட்டு வீடு, எட்டு வெவ்வேறு நாள், ஒவ்வொரு முறையும் ஒரு மடக்கு. கொல்வதற்குப் போதாத அளவு, பழக்குவதற்குப் போதுமான அளவு. கிடா கொழுத்துத்தான் இருந்தது, வலுத்த உடம்பு புழுவைத் தாங்கும். நான் பிளாஸ்டிக் கவரோடு அதன் பின்னால் நடந்து புழுக்கை எடுத்தேன். தனசேகர் பார்த்துவிட்டு, "இன்னா யக்கா, அம்மன் கெடா பின்னாடி கவரு எடுத்துகினு சுத்துற, வேண்டுதலா?" என்றான். வீட்டில் கண்ணாடியில் பார்த்தேன். அன்றுவரை பார்த்த எந்தக் கண்ணாடியும் அப்படி நிறைந்ததில்லை. எட்டு வீட்டு மேய்ச்சலிலும் அதைக் கொட்டிக்கொண்டு திரிந்திருக்கிறது.

மறுநாள் நீங்கள் அவன் வீட்டுக்குப் போனீர்கள், நானும் வந்தேன். கிடாவைத் தனியே கட்டி, தழை வெட்டிப் போட்டு வளர்க்கச் சொன்னீர்கள். நேர்த்திக்கடன் கெடாது, திருவிழாவுக்கு அவிழ்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னீர்கள்.

"நேந்து வுட்டத கட்டிப் போடச் சொல்றியா? உன் கையில ஆடு செத்துச்சு. இப்ப பழிய அம்மன் மேல போட்றியா?"

நீங்கள் வாசலிலேயே நின்றீர்கள். செருப்பைக்கூட கழற்றவில்லை. அதன் பிறகு எந்த வீட்டிலிருந்தும் உங்களைக் கூப்பிடவில்லை.

மாசி முழுவதும் நீங்கள் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதே பேச்சு. "என் பேர வுடு. மூடி கதைய போய் சொல்லு. கெடாய கட்ட வையி." நான் மாட்டேன் என்றேன். அவன் முதலில் வாயைத் திறக்கட்டும், பிறகு நான் சொல்கிறேன் என்றேன். "அதுக்குள்ள புது மருந்தும் பூடும் தங்கச்சி" என்றீர்கள். போகட்டும் என்றேன். நான் சொன்ன அந்த வார்த்தையை இங்கே எழுதாமல் விட முடியாது.

பங்குனியில் ஒரு மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

தனசேகர் பெரிய மாலையோடு வந்தான். நான் கேட்டில் கையை வைத்து மறித்தேன். "அண்ணன் தண்ணி கலக்கலன்னு சொல்லு. சொல்லிட்டு உள்ள போ." தெருவே பார்த்தது. அவன் என்னைப் பார்த்தான், மாலையைப் பார்த்தான். மாலையைச் சுவர் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். அண்ணி வெளியே வந்து, "சாவு வூட்ல இன்னாத்துக்கு இந்தப் பஞ்சாயத்து? அந்த மனுசன் இதையா கேட்டாரு?" என்றார். அந்த மாலையை அவரே எடுத்துக்கொண்டு போய் உங்கள் மேல் போட்டார். அண்ணிக்கு என் மேல் இன்னும் வருத்தம். நான் செய்தது தப்பு என்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை.

இன்று காலைக்கு வருகிறேன். தனசேகரின் கையில் இருந்தது உங்கள் பாட்டில். அளந்தது உங்கள் மூடியால். கேட்டான் என்று அண்ணி கொடுத்திருக்கிறார். அவருக்கு விஷயம் தெரியாது. என்னைப் பார்த்ததும் மூடியைத் தூக்கிக் காட்டினான்.

"அண்ணன் மூடி யக்கா. கைராசி."

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னான். உங்களைத் திருடன் என்ற அதே வாய். பாட்டிலில் மிஞ்சியதைக் கிடாவுக்கு ஊற்றினான், அது தானாகவே வந்து வாயைத் திறந்தது. என்னால் பேச முடியாமல் போனதற்குக் காரணம் கோபம் இல்லை. அவனுக்கு மூடியைப் பற்றித் தெரியாது. தெரியவிடாமல் வைத்திருந்தவள் நான். உங்கள் பெயரைக் காப்பதாக நினைத்துக்கொண்டு உங்கள் தவறைக் கட்டிக் காத்திருக்கிறேன், ஒன்பது மாதமாக. திரும்பி வந்து மூன்று வீட்டு ஆடுகளின் இமையை இழுத்துப் பார்த்தேன். இரண்டு வெளுக்க ஆரம்பித்திருக்கின்றன.

எனவே செய்ய வேண்டியதையும், யார் செய்ய வேண்டும் என்பதையும் எழுதுகிறேன். தனசேகர் இந்த வாரமே கிடாவைத் தனிக் கொட்டிலில் கட்ட வேண்டும், தழை வெட்டிப் போட வேண்டும். மிச்ச மருந்தை எந்த வீட்டிலும் அதற்கு ஊற்றக் கூடாது. கட்டி வளர்த்தால் நேர்த்தி கெடாது என்பதைக் கோயில் கமிட்டி தன் வாயால் அறிவிக்க வேண்டும், அவர்கள் சொன்னால்தான் அவன் கேட்பான். திருவிழா எப்போது என்பதையும் சொல்ல வேண்டும். எட்டு வீட்டுக்காரர்களும் ஆட்டை எடை போடாமல் மருந்து பாட்டிலைத் திறக்கக் கூடாது. தராசும் தூளியும் என் வீட்டில் இருக்கின்றன, கேட்டால் தருவேன், கேட்காவிட்டாலும் கொண்டுவந்து நிற்பேன். இமை வெளுத்ததற்கு மட்டும் ஊற்ற வேண்டும். புது ஆடு வாங்குகிறவர் அதன் புழுக்கையை நான் பார்க்கும்வரை தனியே கட்ட வேண்டும். டாக்டரம்மா இந்தப் புது மருந்துக்குப் பதினான்காம் நாள் எண்ணும்போது வந்து பக்கத்தில் இருக்க வேண்டும், போய்க் கூப்பிடுவது என் வேலை. அண்ணியிடம் உள்ளதைச் சொல்லி முடியுமானால் வருத்தத்தை ஆற்றுவதும் என் வேலை.

மீதி ஞாயிற்றுக்கிழமைக்கு. காலை எட்டு மணி, கோயில் கொட்டகை. முதலில் நான் பேசுவேன். அண்ணனின் அளவு குறைவாகத்தான் இருந்தது, அது அவருக்குத் தெரியாது, தெரிந்த வாரமே தராசு வாங்கினார், எல்லாரிடமும் சொல்லச் சொன்னார், சொல்லாமல் இருந்தவள் நான் என்று சொல்வேன். சொல்லிவிட்டு உட்காருவேன். அதன் பிறகு தனசேகர் எழுந்து நிற்க வேண்டும்.